கஷ்டம் என்று சொல்லித் தடுக்காதீர்கள்



மகள் மெக்கானிக்கல் படிக்கிறேன் என்றால், "பொம்பளைப் பிள்ளைக்கு அது கஷ்டம்மா" என்கிறோம். நம் தேவாரம் ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்லலாமா? விடியுமுன் சோறு கட்டிக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் யார்? அட்டைக் கடியிலும் சாரலிலும் நாளெல்லாம் குனிந்து காய் எடுக்கிறவர்கள் யார்? நம் தாய்மார்கள்! கஷ்டமான வேலைக்குப் பெண்ணை அனுப்ப நாம் தயங்கியதே இல்லை. கூலியும் மதிப்பும் கூடுதலாக வருகிற வேலை என்றால்தான் தயங்குகிறோம். ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்து போகலாம், அதை ஓட்டக் கூடாதா?

ஓட்டிக் காட்டினார் குமரி மாவட்டத்து வசந்தகுமாரி. 1993-லேயே அரசுப் பேருந்தின் ஓட்டுநராக வேலைக்குச் சேர்ந்தார்.

அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்னால் சென்னையில் லலிதா. 15 வயதில் திருமணம். 18 வயதில், கைக்குழந்தையோடு, கணவரை இழந்தார். அன்றைய வழக்கப்படி ஒரு மூலையில் முடங்கியிருக்க வேண்டியவர். அவருடைய தந்தை சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் மகளுக்காக இடம் கேட்டார், வாங்கினார். 1940-களில் மின் பொறியியல் பட்டம் பெற்ற லலிதா, பின்னாளில் பக்ரா நங்கல் அணைக்கான மின் பொறியியல் பணியில் பங்கெடுத்தார். பெற்றோர்களே, அந்தத் தந்தை செய்தது ஒன்றுதான்: மகளுக்காக வாய் திறந்து கேட்டார். உங்களிடம் நான் வேண்டுவதும் அதுதான்.

தொலைவில் தேட வேண்டாம். இதே மலைத்தொடரின் தெற்கே, செங்கோட்டையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் நிகர் ஷாஜி. 2023 செப்டம்பர் 2 அன்று சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் அவர்தான்.

தம்பிகளே, உங்களுக்கும் ஒரு வேலி இருக்கிறது. நர்சிங் படிக்க ஆசைப்படுகிற பையனை, "ஆம்பளைக்கு இதுவா?" என்று கேட்டே கூச வைக்கிறோம். விபத்தில் அடிபட்டு வந்தவரைத் தூக்கிக் கிடத்தவும், காயத்தைக் கழுவிக் கட்டவும், இரவெல்லாம் விழித்துப் பார்க்கவும் பொறுமையான மனம் வேண்டும். அந்த மனம் உள்ளவன் வெட்கப்பட வேண்டியதில்லை, நிமிர்ந்து நடக்கட்டும்.

ஆசிரியர்களே, ஐடிஐ விண்ணப்பம் வரும்போது மாணவியிடம் தையலை மட்டும் காட்டாதீர்கள். வெல்டிங், எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் எல்லாவற்றையும் காட்டுங்கள். பெற்றோர்களே, பிள்ளைக்கு எதில் கை ஓடுகிறது, எதில் மனம் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு, "நான் கூட வந்து பீஸ் கட்டுறேன்" என்று சொல்லுங்கள். ஊர் நாலு நாள் பேசும், பேசட்டும். ஐந்தாம் நாள் அதே ஊர் தன் பிள்ளைக்கு வழி கேட்டு உங்கள் வாசலுக்கு வரும்.