சமுதாயக் கல்லூரி நூலகமும் நம் மாணவர்களின் காலமும்

(நமது ஜமாஅத்தின் கல்விப் பரிசளிப்பு விழாவில் ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





கல்வியின் சிறப்பைப் பற்றி எனக்கு முன் பேசிய பெருமக்கள் நிறைவாக எடுத்துரைத்து விட்டார்கள். ஆகவே அதை நான் மீண்டும் தொடப்போவதில்லை. முப்பதாண்டு காலம் கல்லூரி நூலகத்தில் பணியாற்றியவன் என்ற முறையில், நூலகம் எந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும் என்ற ஒரே ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் பேச அனுமதி கேட்கிறேன். இது அத்தனை சிறிய கேள்வியன்று.

2018ஆம் ஆண்டு என் மகளின் பேறுகாலத்தை முன்னிட்டு நானும் என் துணைவியாரும் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திற்குச் சென்று, செப்டம்பர் முதல் டிசம்பர் இறுதி வரை தங்கியிருந்தோம். பேரப்பிள்ளை உறங்கும் நேரத்தில் எனக்கு வேலை ஏதுமில்லை. மருமகன் என்னை அவ்வூர்ச் சமுதாயக் கல்லூரி நூலகத்தில் இறக்கிவிட்டு அலுவலகம் செல்வார். நூலகருக்கு ஓய்வு என்பது வேறொருவருடைய நூலகத்தில் அமர்ந்திருப்பதுதான் என்று என் துணைவியார் கேலி செய்வதுண்டு.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். 1901ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்னும் ஊரில், உயர்நிலைப் பள்ளி ஒன்றோடு இணைந்து ஆறே மாணவர்களுடன் ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகம் சென்று தங்கிப் பயில வசதியற்ற பிள்ளைகள், சொந்த ஊரிலேயே முதல் இரண்டாண்டுப் படிப்பை முடித்துக் கொள்ளட்டும் என்பதே அதன் நோக்கம். 1947இல் ட்ரூமன் அதிபர் அமைத்த உயர்கல்விக் குழு இத்தகைய கல்லூரிகளை நாடெங்கும் பெருக்க வேண்டுமென்று பரிந்துரைத்தது. சமுதாயக் கல்லூரி என்ற பெயர் பரவியதும் அதன் பின்னரே. இன்று அந்நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. அவற்றில் பயில்வோரில் பாதிக்கும் மேற்பட்டோர் பகுதிநேர மாணவர்கள். பகலில் கடையிலோ மருத்துவமனையிலோ கிடங்கிலோ வேலை பார்த்து, மாலையில் வகுப்புக்கு வருபவர்கள். பிள்ளை பெற்ற தாய்மார்கள் இருக்கிறார்கள். நாற்பது வயதைக் கடந்தவர்களும் இருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இம்முயற்சி உண்டு. 1995இல் புதுவைப் பல்கலைக்கழகத்திலும், 1996இல் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பல சமுதாயக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கியது. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு இதனை ஒரு திட்டமாகவே அறிவித்தது. பள்ளியை இடையில் விட்ட பிள்ளைகளுக்கும் திருமணத்திற்குப் பின் படிக்க விழையும் பெண்களுக்கும் இக்கல்லூரிகள் தொழிற்பயிற்சியும் பட்டயமும் அளித்தன. ஆயினும், கல்லூரி என்ற கட்டடத்தைப் பின்பற்றிய அளவுக்கு, அதன் நடுவில் இருக்கும் நூலகத்தை நாம் பின்பற்றவில்லை என்பது என் கருத்து.

அந்த நியூ ஜெர்சி நூலகத்தில் என்னை முதலில் கவர்ந்தது நூல்கள் அல்ல. வாசற்கதவில் ஒட்டியிருந்த ஒரு தாள். அதில் திறக்கும் நேரம் அச்சிடப்பட்டிருந்தது. நான் தங்கியிருந்த நான்கு மாதங்களில் அத்தாள் நான்கு முறை மாற்றப்பட்டது. செப்டம்பரில் வழக்கமான நேரம். அத்துடன் புதிய மாணவர்களுக்கு நூலகத்தைச் சுற்றிக் காட்டும் நாள்களின் அட்டவணை. நவம்பர் நான்காவது வியாழக்கிழமை அவர்களுக்கு நன்றி நவிலும் திருநாள். அந்த வாரம் எந்த நாள்களில் மூடப்படும், எடுத்த நூல்களை எப்போது திருப்பினால் போதும் என்று இரண்டு வாரம் முன்னதாகவே இன்னொரு தாள். டிசம்பரில் பருவத் தேர்வு வந்ததும் இரவு நேரம் நீட்டிக்கப்பட்ட தாள். தேர்வு முடிந்ததும் குளிர்கால விடுமுறைக்கான தாள். அதில் விடுமுறை முழுவதும் நூல்களை வீட்டில் வைத்துக் கொள்ளலாம் என்றிருந்தது. இதே செய்தி மாணவர்களின் மின்னஞ்சலுக்கும் சென்றது. மாணவனின் ஆண்டு எப்படி ஓடுகிறதோ அப்படியே நூலகமும் ஓடியது.

மற்றொன்றையும் கண்டேன். அந்நாட்டில் ஒரு பாடநூலின் விலை நூறு டாலரைத் தாண்டுவது வழக்கமான செய்தி. ஆகவே ஒவ்வொரு பாடத்திற்குமான நூலின் ஒரு படியை நூலக மேசைக்குப் பின்னால் தனியே ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதை வீட்டுக்குக் கொடுப்பதில்லை. அடையாள அட்டையைக் காட்டி வாங்கி, இரண்டு மணி நேரம் அங்கேயே அமர்ந்து படித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். ஒரே நூலை ஒரு நாளில் ஐந்தாறு பேர் படித்து விடுகிறார்கள். வீட்டில் இணையம் இல்லாதவருக்கு மடிக்கணினியும் இணைய இணைப்புக் கருவியும் கூட நூலைப் போலவே இரவல் தரப்பட்டன. தம்மிடம் இல்லாத நூலை மற்றொரு நூலகத்திலிருந்து வரவழைத்துக் கொடுத்தார்கள். கட்டுரை எழுதத் தெரியாமல் தவிக்கும் மாணவன் நேரம் குறித்துக்கொண்டு வந்தால், நூலகர் அரை மணி நேரம் அவனருகில் அமர்ந்து, தேடுவது எப்படி என்று கற்றுக் கொடுத்தார். இதில் எனக்குச் சற்றுப் பொறாமை ஏற்பட்டது என்பதை மறைக்க மாட்டேன். நம் கல்லூரிகளில் நூலகருக்கு வரவுப் பதிவேடு எழுதவே நேரம் போதாது.

இவ்வளவு சொல்வதால் அந்நாட்டுப் பெருமையைப் பேச வந்தேன் என்று எண்ணிவிட வேண்டாம். நூல் பயன்படுத்துவதற்கே என்றும், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்றும், நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் போன்றது என்றும் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை 1931இலேயே வகுத்து வெளியிட்டவர் நம் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் நியமிக்கப்பட்ட அவர், வாசகர்கள் அலமாரிக்கே சென்று தாமே நூலை எடுத்துப் பார்க்கும் முறையை அங்கே கொண்டு வந்தார். நான் பட்டம் பெற்றதும் அவருடைய நூல்களைப் படித்துத்தான். படித்தும் நான் செய்த ஒரு தவற்றை இங்கே சொல்ல வேண்டியுள்ளது.

கல்லூரியின் பெயர் வேண்டாம். மார்ச் 31ஆம் தேதியோடு நிதியாண்டு முடிகிறது. அதற்குள் நூலக இருப்புச் சரிபார்ப்பை முடித்துத் தணிக்கைக்கு அறிக்கை தர வேண்டும். ஆகவே ஆண்டுதோறும் மார்ச் இறுதியில் பத்து நாள்கள் நூல் வழங்குவதை நிறுத்தி, வெளியில் ஓர் அறிவிப்பை மாட்டிவிட்டு, ஒவ்வொரு நூலாக எண்ணிக் கொண்டிருப்போம். ஏப்ரலில் பருவத் தேர்வு. இவை இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பது எனக்குத் தெரியாமல் இல்லை; எனக்கு முன்னிருந்தவரும் அப்படித்தான் செய்தார் என்பதால் நானும் செய்தேன்.

ஓராண்டு, ஒரு மாணவி வந்தாள். பகலில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டு மாலை வகுப்பில் வணிகவியல் படித்து வந்த பிள்ளை. கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, இரண்டு பேருந்து மாறி வந்திருந்தாள். விலைக் கணக்கியல் நூல் வேண்டும் என்றாள். சரிபார்ப்பு நடக்கிறது, ஏப்ரல் 2க்குப் பின் வா என்றேன். அந்நூல் என் கைக்கெட்டும் தூரத்தில், எண்ணி முடித்த அடுக்கில்தான் இருந்தது. "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் ஒருவேளை நான் மறந்திருப்பேன். அந்தப் பாடத்தில் அவள் தேர்ச்சி பெறவில்லை. அதற்கு நான் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த பருவத்தில் அவள் கட்டணம் செலுத்தவில்லை, வகுப்புக்கும் வரவில்லை. மறு ஆண்டிலிருந்து இருப்புச் சரிபார்ப்பை மே மாதத்திற்கு மாற்றக் கோரி எழுதினேன். ஒரே ஒரு கடிதம். இரண்டே வாரத்தில் அனுமதி வந்துவிட்டது. இத்தனை எளிதான காரியத்தை அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் நான் செய்யவில்லை.

இப்போது நம் வீட்டுச் செய்திக்கு வருகிறேன். நமது ஜமாஅத்தின் வாசிப்பறை, மதரஸாக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. நல்ல அறை, மின்விசிறி உண்டு, நன்கொடையாளர்கள் வழங்கிய இரண்டு அலமாரிகளும் உண்டு. மஃரிபுக்குப் பின் திறந்து இஷாவுக்கு முன் மூடுகிறோம். ஆண்டு முழுவதும் இதே நேரம்தான். ஆனால் ரமலான் வந்துவிட்டால் அந்நேரமும் இல்லை. நோன்புக் கஞ்சி காய்ச்சும் அண்டாக்களும், இஃப்தாருக்கான விரிப்புகளும் அங்கேதான் வைக்கப்படுகின்றன. அதில் குறை காண்பதற்கில்லை. வேறு இடம் இல்லை என்று செயலாளர் அவர்களே என்னிடம் வருத்தப்பட்டார்கள்.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினோரு நாள்கள் முன்னதாக வருகிறது. 2024இலும் 2025இலும் அது மார்ச் மாதத்தில் வந்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வோடு சேர்ந்துகொண்டது. நம் பிள்ளைகள் ஸஹர் முடித்து, பஜ்ர் தொழுது, உறங்காமல் தேர்வெழுதச் சென்றார்கள். வீட்டில் ஒரே அறை உள்ளவர்களும், தம்பி தங்கைகளின் சத்தத்திற்கு நடுவில் படிப்பவர்களும் நம்மில் குறைவா? அவர்களுக்கு அமைதியான ஓர் இடம் மிகவும் தேவைப்பட்ட அந்த மாதத்தில்தான் நம் வாசிப்பறை அண்டாக்களுக்கு இடமளித்தது. இனி ரமலான் குளிர்காலத்தை நோக்கி நகரும். 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒன்றும் டிசம்பர் இறுதியில் ஒன்றுமாக இரண்டு முறை தொடங்கும். 2033 வாக்கில் கல்லூரிகளின் நவம்பர்த் தேர்வுகளைத் தொடும். ஆகவே ஓர் அட்டவணையை ஒரு முறை எழுதி மாட்டிவிட்டால் போதாது. ஒவ்வோர் ஆண்டும் பிறையையும் தேர்வுத் தேதியையும் அருகருகே வைத்துப் பார்த்துப் புதிதாக எழுத வேண்டும்.

ரமலானில் தராவீஹுக்குப் பின் ஸஹர் வரை வாசிப்பறையைத் திறந்து வைக்கலாம் என்பது என் யோசனை. எப்படியும் பள்ளிவாசலில் அந்நேரம் ஆள் நடமாட்டம் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு இரவு நேரம் ஒத்து வராது. அவர்களுக்குக் காலை பத்து மணி முதல் லுஹர் வரை தனியே ஒதுக்க வேண்டும். இதை ஆண்கள் மட்டும் அமர்ந்து முடிவு செய்யாமல், திரைக்கு அப்பால் இருக்கும் தாய்மார்களைக் கேட்டு முடிவு செய்வது நலம். அண்டாக்களுக்கு மாடிப்படியின் கீழ் ஒரு தகரக் கொட்டகை போதும். தகரத்தின் செலவை நான் ஏற்றுக் கொள்கிறேன்.

நூல்கள் வாங்க நிதி இல்லை என்று ஒரு சகோதரர் முன்னரே என்னிடம் கூறினார். பரிசு வாங்க வந்திருக்கும் பிள்ளைகள், சென்ற ஆண்டுப் பாடநூல்களை இந்த மாதமே வாசிப்பறையில் சேர்த்து விட்டால், நியூ ஜெர்சியில் நான் கண்ட அந்த ஒதுக்கீட்டு அலமாரி நமக்கும் அமைந்துவிடும். பாடநூல்களை மட்டும் வீட்டுக்குத் தர வேண்டாம். அங்கேயே இருந்து படிக்கட்டும். கணினி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. காரக்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் தேசிய மின்னூலகத்தில் கட்டணமின்றிச் சேரலாம். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் திட்டத்தில் 2012 முதல் வெளிவரும் இயற்பியல், உயிரியல், கணக்கியல் போன்ற பாடநூல்களை யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஆங்கிலத்தில் உள்ளவை, ஆனால் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பயன்படும். மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும், சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010 முதல் இயங்கும் அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? சொத்து வரி செலுத்தும்போது நாம் அனைவரும் நூலக வரியும் சேர்த்தே செலுத்துகிறோம். அப்படியிருக்க, நம் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் நம் வீட்டார் எத்தனை பேர் என்று அந்த நூலகரைக் கேட்டேன். அவர் சொன்ன எண்ணிக்கையை இந்த மேடையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அறிவிப்புப் பலகை ஒன்றும் வேண்டும். இப்போது அதில் சந்தா பாக்கியும் ஜனாஸா அறிவிப்புமே இருக்கின்றன. அதன் ஒரு பாதியை மாணவர்களுக்கு ஒதுக்கி, மாதத்தின் முதல் வெள்ளியன்று அம்மாதத் தாளை ஒட்ட வேண்டும். கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை, தேர்வுக் கட்டணம் ஆகியவற்றின் கடைசித் தேதிகளும், வாசிப்பறையின் நேரமும், மூடியிருக்கும் நாள்களும் அதில் இருக்க வேண்டும். பழைய தாளைக் கிழித்துவிட்டுத்தான் புதியதை ஒட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொள்கிறேன். போன ரமலான் அட்டவணை துல்ஹஜ் வரை தொங்கியதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஜூன், ஜூலை ஆகிய இரண்டு மாதங்களுக்கான தாள்களை என் கைப்பட எழுதிச் செயலாளர் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். ஜூலைத் தாளில் வாசிப்பறையின் சாவி யாரிடம் இருக்கும் என்ற இடத்தை மட்டும் நிரப்பாமல் விட்டிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் இளைஞர்களில் இருவர் என்னை வந்து பார்த்தால், இன்றைக்கே அதை நிரப்பிவிடலாம்.