கடவுளுக்குப் பக்கத்தில் மனிதன்

(கறம்பக்குடியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



வரலாற்று வகுப்பில் 'மறுமலர்ச்சிக் காலம்' படித்தோமே, ஞாபகம் இருக்கா? 1508 முதல் 1512 வரை மைக்கேலாஞ்சலோ ரோமாபுரியில் சிஸ்டைன் தேவாலய விதானத்தில் வரைந்தார். அதில் ஆதாமுக்கும் கடவுளுக்கு நிகரான கம்பீரம். கடவுளைப் பார்த்த கலை மனிதனையும் பார்க்க ஆரம்பித்தது என்று எழுதி மார்க் வாங்கினோம்.

நம்ம மாவட்டத்திலேயே சித்தன்னவாசல் இருக்கு. சமணக் குடைவரை. 9ஆம் நூற்றாண்டில் இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் அதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. கருவறையில் அசையாத தியான உருவங்கள். முன்மண்டபக் கூரையிலோ தாமரைக் குளம். மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் மூன்று பேர். உலகத்தைப் படைத்த கடவுள் என்று ஒருவரைச் சமணம் சொல்வதில்லை. மனிதன்தான் முயன்று உயரணும். அதனால்தான் அந்தக் குளத்தில் மனிதனுக்கும் இடம் கிடைத்தது.

மதுரைப் புதுமண்டபத்துக்கு வாங்க. 17ஆம் நூற்றாண்டு. திருமலை நாயக்கர் தொந்தியோடு, கைகூப்பி, சிலையாக நிற்கிறார். கும்பிட வந்தவரே கோயிலில் காட்சிப்பொருளாகிவிட்டார். பக்தியும் உண்டு, பகட்டும் உண்டு.

நண்பர்களே, சித்தன்னவாசல் வண்ணம் பெருமளவு உதிர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பதையாவது நம் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். சுவரில் பேர் கிறுக்காமல் பார்க்கட்டும். அடுத்த சந்திப்புக்குள் இந்தக் கல்லூரி மாணவர்களை ஒரு பஸ்ஸில் அழைத்துப் போவோம். செலவில் என் பங்கை இப்பவே தருகிறேன்.