ஊர்ப்பெண்டிர் உரைத்த மருத்துவம்

மகாராட்டிரத்தின் கட்சிரோலிப் பகுதியில் மருத்துவர் ராணி பங் இரு சிற்றூர்ப் பெண்களை ஆய்ந்து 1989-இல் வெளியிட்ட முடிவு இது: நூற்றுக்கு 92 பேருக்கு மகளிர் நோய், முன்னர்ப் பரிசோதனை செய்துகொண்டோர் 8 பேரே. நோயினும் நாணமே பெரிதாய் நின்றது.

பின்னர் அவரும் கணவர் அபய் பங்கும் 39 ஊர்களில் ஊர்ப்பெண்களையே பயிற்றினர். அன்னார் கருவுற்றோர் இல்லந்தோறும் சென்று, சேயின் ஈரந் துடைத்து வெம்மையாய்ப் பேணுதல், சீம்பாலை வீணாக்காது ஊட்டல் முதலியவற்றை உறவினர்போல் உணர்த்தினர். குருதித்தொற்றுக் கண்டவிடத்து மருந்தூசியும் இட்டனர். ஆயிரம் பிறப்புக்கு 62-ஆக இருந்த பச்சிளங்குழவியர் இறப்பு மூன்றாண்டில் ஏறத்தாழ 25 ஆயிற்று.

தசலட்சண நோன்பில் கருவுற்ற மருமகள் மயங்கினும் வாய் திறவாள். அவளை அருகிருத்தி, "நோன்பை மகப்பேற்றுக்குப் பின் வைத்துக்கொள், அம்மா, இப்போது கஞ்சி குடி" எனச் சொல்லத்தக்கவர் யார்? மருத்துவர் தொலைவில், மாமியாரோ அடுப்படியிலேயே இருக்கிறார்.