இரண்டரை மணி நேரம்

அங்கி போட்டு முன்வரிசைகளில் உட்கார்ந்திருக்கும் பட்டதாரிகளுக்கு வாழ்த்து. பின்னால் உட்கார்ந்திருக்கும் அவர்களுடைய அம்மா அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். இன்றைக்கு ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். காலை ஏலத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர்களும் இருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும். நான் திருவொற்றியூர்ப் பிள்ளை. அப்பா ஹார்பரில் விஞ்ச் டிரைவர். அம்மாவின் அண்ணன் காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போனவர்.

என் வேலை கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைப்பது. பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சிக்கூடங்களையும் நாடு விட்டு நாடு இணைக்கும் வலையமைப்புகளில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்திருக்கிறேன். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இந்த அழைப்பையே ஏற்றுக்கொண்டேன்.

முதலில் நம் ஊர்க் கதை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது, வாலாஜா ரோடுக்கு. அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1871-ல் சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் என்று கடலடியில் தந்திக் கம்பி ஓடத் தொடங்கிவிட்டது. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று ஏற்படுவதற்கு முன்னால், ரயில்வே தன் கடிகாரங்களைச் சென்னை நேரத்துக்குத்தான் வைத்தது. நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வுக்கூடத்தின் கணக்கு அது. நட்சத்திரத்தைப் பார்த்து ஒருவர் குறித்த எண், தந்திக் கம்பி வழியாக எங்கோ வடக்கே ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் கடிகாரத்தைத் திருத்தியது. ஓரிடத்தில் அளந்ததை இன்னோர் இடத்துக்கு, கெட்டுப்போவதற்குள் கொண்டுசேர்ப்பது. என் தொழில் இன்றைக்கும் அவ்வளவுதான்.

நான் படித்த காலத்தில் வெளிநாட்டுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்றால், எழுதியவருக்கே அஞ்சல் அட்டை போட்டுப் பிரதி கேட்போம். ஒருமுறை எனக்கு ஏழு வாரம் கழித்து உறை வந்தது. மழையில் நனைந்து, பக்கங்கள் ஒட்டிப்போய். அம்மா அதை அரிசிப் பானை மூடியின் மேல் வைத்துக் காயவைத்தாள். பிறகுதான் அடையாறு பக்கம் ஒரு வளாகத்தில் மின்னஞ்சல் வசதி இருப்பது தெரிந்தது. 1-ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறி, ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவேன். ஒரு கம்ப்யூட்டர், அதற்கு முன்னால் வரிசை, ஆளுக்குப் பத்து நிமிடம். கேட்ட கேள்விக்கு மறுநாளே பதில் வந்திருந்ததைப் பார்த்தபோது, தபால்காரர் கையிலிருந்து என் படிப்பு விடுதலையானதுபோல இருந்தது.

அந்த வசதிக்குப் பெயர் எர்நெட். 1986-ல் மத்திய மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. உட்பட ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், பம்பாயில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், டில்லியில் அந்தத் துறை என எட்டு இடங்கள். பம்பாய் மையத்தை நடத்திய சீனிவாசன் ரமணிக்கு இந்திய இணையத்தின் வரலாற்றில் பெரிய இடம் உண்டு. 2014-ல் இணையப் புகழ்க்கூடத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். 1989 வாக்கில் பம்பாய் மையத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன குத்தகைத் தடத்தின் வேகம் நொடிக்கு 9,600 பிட். இன்று உங்கள் போனில் எடுக்கும் ஒரு மெகாபைட் படம் அதில் போக ஏறக்குறைய பதினைந்து நிமிடம் ஆகும். அந்த ஒல்லித் தடத்தை ஆராய்ச்சியாளர்கள் பங்குபோட்டுக்கொண்டார்கள். பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான்.

2010-ல் 5,990 கோடி ரூபாயில் தேசிய அறிவுப் பின்னலுக்கு அரசு ஒப்புதல் தந்தது. அதன் முதுகெலும்புத் தடங்கள் நொடிக்கு 10 ஜிகாபிட் கணக்கில் அமைந்தவை, பழைய தடத்தைவிடப் பத்து லட்சம் மடங்கு. ஜெனீவாவில் துகள்கள் மோதும்போது பிறக்கும் தரவில் ஒரு பங்கு மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து அலசப்படுவது இப்படிப்பட்ட தடங்களால்தான். இயற்பியல் கட்டுரைகள் அச்சேறும் முன்பே எல்லோரும் படிக்க 1991-ல் அமெரிக்காவில் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் சேமிப்பகத்தின் நகல் ஒன்று நம் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்தது. இங்குள்ள மாணவன் கடல் தாண்டாமல் அதைப் படிக்கலாம் என்பதற்காக.

கேபிளைப் பற்றி ஒன்று. நான் ஒரு துண்டைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஆழ்கடலில் கிடப்பது தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் பருமன்தான். அதற்குள் தலைமுடி போன்ற கண்ணாடி இழைகள். சென்னைக் கரையிலிருந்து சிங்கப்பூருக்கு 3,200 கிலோமீட்டர் நீளத்துக்கு அப்படியொரு கேபிள் 2002-லேயே போடப்பட்டது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். கணக்குப் போட்டால், சிங்கப்பூருக்கு நொடியில் அறுபதில் ஒரு பங்கு. உலகெங்கும் கடல் கேபிள்கள் அறுபடுவதற்குப் பெரும்பாலும் காரணம் கப்பல் நங்கூரமும் இழுவலையும்தான். ஹார்பர்க்காரர்களும் லாஞ்ச்காரர்களும் நிறைந்திருக்கும் இந்த அரங்கத்தில் அதைச் சொல்லாமல் போகக் கூடாது. உங்கள் கையில் இருப்பது மீனும் சரக்கும் மட்டுமல்ல.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

2004 டிசம்பர் 26. காலை 6 மணி 29 நிமிடம். சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடி பிளந்தது. நான் அப்போது பெங்களூரில், இரவு ஷிப்ட் முடியும் நேரம். ஏழு மணி சுமாருக்கு, நிலநடுக்கங்களைப் பட்டியலிடும் ஒரு பக்கம் என் திரையில் இருந்தது. சுமத்ரா என்று ஒரு வரி. பார்த்தேன். பெரிய நிலநடுக்கம் என்று நினைத்தேன். அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன்.

சென்னைக் கரையை அலை தொட்டது 9 மணி அளவில். நடுவே ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி மையம் பதினைந்து நிமிடத்தில் அறிக்கை விட்டுவிட்டது, பசிபிக் கரைகளுக்கு ஆபத்து இல்லை என்று. நிலநடுக்கத்தின் அளவை முதலில் 8 என்றுதான் கணித்தார்கள், உண்மையில் அது 9-க்கு மேல். இந்தியப் பெருங்கடலுக்கென்று ஒரு மையம் இல்லை, தகவலைப் பெற்றுக்கொள்ளும் ஆளும் இல்லை. அலை வந்தபோது சென்னைத் துறைமுகத்தின் ஓதமானி அதைக் குறித்துக்கொண்டது. கடல்மட்டம் ஏறியதும் இறங்கியதும் எல்லாம் அதில் பதிவாகியிருந்தன. அந்தப் பதிவை உலக விஞ்ஞானிகள் பிறகு படித்தார்கள், கட்டுரை எழுதினார்கள். அந்தக் காலையில் அதைப் படிக்க யாருமில்லை.

என் மாமா பிழைத்தார். அவர் படகு பிழைக்கவில்லை. இரண்டு பாதியாக ரோட்டின் மேல் கிடந்தது. அவரோடு வலை இழுத்த இருவர் வீட்டில் அன்று சாவு. நான் ஒரு போன் செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று மாமா என்னிடம் கேட்கவே இல்லை. அவர் கேட்காததுதான் இன்றுவரை என்னோடு இருக்கிறது.

அதே காலையில் புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவ ஊரில் நடந்ததைக் கேளுங்கள். அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார், மீனவர் மகன். நிலநடுக்கச் செய்தி தெரிந்ததும் அவர் ஊருக்குப் போன் போட்டார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராம அறிவு மையம் இருந்தது, அதற்கு ஒலிபெருக்கி இருந்தது. அதில் அறிவித்தார்கள். 3,600-க்கும் மேற்பட்டவர்கள் கரையை விட்டு ஓடினார்கள். படகுகள் போயின, வீடுகள் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அந்த ஒலிபெருக்கி அங்கே எதற்காக இருந்தது? அந்தத் திட்டத்தில், அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரக் கணிப்பை இணையத்திலிருந்து எடுத்து, தமிழில் ஆக்கி, வீராம்பட்டினம் போன்ற மீனவ ஊர்களில் ஒலிபெருக்கியில் படித்தார்கள். இன்று அலை இத்தனை அடி, காற்று இந்தப் பக்கம் என்று. கடல் தாண்டி வந்த தரவு, ஊர்ப் பெண்கள் வாயால், கட்டுமரத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் காதுக்குப் போனது. தினமும் கேட்டுப் பழகிய குரல். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அது ஓடு என்றதும் நின்று கேள்வி கேட்காமல் ஓடினார்கள்.

நான் கோடிக்கணக்கில் விலையுள்ள கருவிகளோடு வேலை செய்தேன். தகவல் என் கண்ணெதிரே இருந்தது. சிங்கப்பூரில் இருந்த அந்தப் பிள்ளைக்கு அந்தத் தகவலைப் பார்த்ததும் ஊர் நினைவுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. வேகம் என்று சொல்லும்போதெல்லாம் அதற்குப் பிறகு எனக்கு இந்த வித்தியாசம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

அதன் பிறகு நடந்தவை நல்லவை. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. பல நாட்டு நிலநடுக்க நிலையங்கள், ஆழ்கடல் மிதவைகள், துறைமுக ஓதமானிகள் எல்லாவற்றின் தரவும் அங்கே வருகிறது. இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் சேர்ந்து இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கு எச்சரிக்கை தருகின்றன. நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் மிதவைகளில் உழைத்திருக்கிறது. 2004-ல் நம் மண்ணில் அலை முதலில் விழுங்கியது நிக்கோபார் தீவுகளை. இன்று சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து கார் நிக்கோபார், கிரேட் நிக்கோபார் வரைக்கும் 2,300 கிலோமீட்டர் கண்ணாடி இழை கடலடியில் கிடக்கிறது. 2020 ஆகஸ்ட் 10 அன்று அது திறக்கப்பட்டது.

ஆனால் 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். எண்ணெய் எந்தப் பக்கம் நகரும் என்று ஹைதராபாத்தில் கணினி கணக்குப் போட்டது. எர்ணாவூர் பாரதியார் நகரில், தூண்டில் வளைவுக் கற்களுக்கு நடுவே எண்ணெய் கூழாக வந்து தேங்கியபோது, கரையில் இருந்தது பிளாஸ்டிக் வாளிதான். நம் பிள்ளைகள் வரிசையாக நின்று கைக்குக் கை வாளி மாற்றி அள்ளினார்கள். கணக்கு வந்த வேகத்தில் உறிஞ்சும் பம்பும் கையுறையும் வந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. தகவல் மேலிருந்து கீழே வருவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கீழேயிருந்து மேலே என்ன போகிறது? எண்ணூர்க் கழிமுகத்தில் எந்த மாதம் இறால் குறைந்தது, கொசஸ்தலையாற்றில் எந்த இடத்தில் சாம்பல் மேடு தட்டியது, எந்த இரவில் வாடை மூக்கை அடைத்தது, இதெல்லாம் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் தெரியும். எழுதி, தேதி போட்டு, எண்ணாக்கி வைத்தது எவ்வளவு? வன்னி வெள்ளம், தெண்டி வெள்ளம், கச்சான், வாடை, கொண்டல் என்று என் மாமா நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் பேர் சொல்வார். ஒவ்வொரு பேரும் ஓர் அளவீடு, எந்தத் தரவுத்தளத்திலும் இல்லாத அளவீடு. இல்லாததை நாமே ஏற்றலாம். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியபோது, சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரத்தோடு பல நாட்டுத் தமிழர்கள் சேர்ந்து, வேலை முடிந்த இரவுகளில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து ஏற்றினார்கள். யாரும் சம்பளம் கேட்கவில்லை. ஏற்றியதால்தான் இன்று உலகத்தில் எங்கிருந்தும் எடுக்க முடிகிறது.

இந்தக் கல்லூரி முதல்வரிடம் மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு கோரிக்கை வைத்தேன். பட்டமளிப்பு விழாவுக்கு நான் வர வேண்டுமென்றால் எனக்கு மாலை வேண்டாம், நினைவுப் பரிசு வேண்டாம், மொட்டை மாடியில் ஆறடி இடம் வேண்டும் என்றேன். கொடுத்தார்கள். காற்றின் திசை, வேகம், தூசு அளக்கும் சிறு நிலையம் ஒன்றை உங்கள் சீனியர்களும் இயற்பியல் துறையும் சேர்ந்து நிறுத்தியிருக்கிறார்கள். அதிலிருந்து வரும் எண்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியே போகும். சிங்கப்பூரில் இருக்கும் ஆராய்ச்சியாளருக்கும் கிடைக்கும், தாழங்குப்பத்தில் இருக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் கிடைக்கும். அவருக்குப் புரிகிற தமிழில் தினமும் காலையில் அதைப் படித்துச் சொல்ல முதலாமாண்டுப் பிள்ளைகள் நான்கு பேர் முன்வந்திருக்கிறார்கள். குப்பத்து ஒலிபெருக்கியைப் பயன்படுத்த ஊர்ப் பெரியவர்கள் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

இன்று மாலை 5 மணிக்கு அதன் முதல் எண்ணை, இன்று பட்டம் வாங்கும் மாணவி ஒருவர் ஏற்றுவார். அவருடைய அப்பா ஹார்பரில் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டேன். என் மாமாவும் வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டை. காற்று எந்தப் பக்கம் என்று கருவி சொல்வதற்கு முன்னால் அவர் சொல்வார், இரண்டையும் எழுதிக்கொள்ளப் போகிறோம். விழா முடிந்ததும் எல்லோரும் மாடிக்கு வாருங்கள். படி கொஞ்சம் செங்குத்து, பெரியவர்களைக் கைபிடித்து அழைத்து வாருங்கள்.