கரிசல் மண்ணும் நீரின் பிடிப்பும்



எட்டயபுரம் என்றவுடன் பாரதியார் பிறந்த ஊர் என்பது உங்கள் நினைவுக்கு வரும். இசை பயில்வோருக்கு மற்றொன்றும் நினைவுக்கு வரும். முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதிக் காலத்தில் அவ்வூரில் தங்கி, 1835-ஆம் ஆண்டு அங்கேயே மறைந்தார். வறண்டு கிடந்த அச்சீமையைக் கண்டு மனமிரங்கி அவர் அமிர்தவர்ஷிணி இராகத்தில் பாடினார், மழை பொழிந்தது என்பது வழிவழியாக வரும் கதை. அக்கதையின் மெய்ம்மையை ஆராய்வது வேதியியல் கற்பிக்கும் என் வேலையன்று. அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 700 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்தால்தான் உண்டு. மழையைப் பற்றிய கதை அவ்வூரில் பிறந்ததில் வியப்பில்லை.

எட்டயபுரத்திலும் கோவிற்பட்டியிலும் பருவம் பொய்த்த ஆண்டில் ஒரு காட்சியைக் காணலாம். பயிர் வாடித் தலை சாய்ந்திருக்கும். அதன் வேரடி மண்ணை ஒரு பிடி அள்ளினால் கையில் ஈரம் படும். ஈரம் இருக்கிறது, பயிர் சாகிறது. இஃது ஏன்? இதற்கு விடை காண, நீரின் மூலக்கூறு வரையில் நாம் இறங்க வேண்டும்.

ஓர் ஆக்ஸிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது நீர் என்பது நீங்கள் பள்ளியில் படித்ததே. அவை மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் நிற்பதில்லை. ஆக்ஸிஜனை மையமாகக் கொண்டு ஏறத்தாழ 105 பாகைக் கோணத்தில் வளைந்து நிற்கின்றன. ஆக்ஸிஜனோ எலெக்ட்ரான்களைத் தன்பால் இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே மூலக்கூறின் ஒரு பக்கம் சற்றே எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் உள்ள பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் பெறுகின்றன. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் அடுத்த மூலக்கூறின் ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்கிறது. இப்பற்றுக்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். இது மூலக்கூறுக்கு உள்ளே இருக்கும் பிணைப்பின் வலிமையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். ஒரு வினாடியை லட்சம் கோடி பங்காக்கினால், அவற்றுள் ஓரிரண்டு பங்கு நேரமே நீடிக்கும். அறுந்தவுடன் வேறொன்று பற்றிக்கொள்ளும். தனித்து நோக்கினால் அற்பமான பிடிப்பு. ஆயினும் அழுகிய முட்டையின் நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடை எண்ணிப் பாருங்கள். அதன் மூலக்கூறு நீரைவிட ஏறத்தாழ இருமடங்கு கனமானது; எனினும் சுழிக்குக் கீழே 60 பாகை சென்டிகிரேடிலேயே கொதித்து ஆவியாகிவிடும். நீர் 100 பாகை வரை பொறுத்திருக்கிறது. அந்த அற்பமான பிடிப்பு இல்லையேல் பூமியில் கடலும் இல்லை, கண்மாயும் இல்லை.

இனி மண்ணுக்கு வருவோம். கரிசலில் மிகுந்துள்ள களிப்பொருள் மான்ட்மோரில்லோனைட் வகையைச் சேர்ந்தது. பிரான்சு நாட்டின் சிற்றூர் ஒன்றின் பெயர் நம் ஊர்க் களிமண்ணில் ஒட்டிக்கொண்டிருப்பது வேடிக்கைதான். இக்களி, ஏடுகளை அடுக்கிய சுவடி போன்றது. ஓர் ஏட்டின் கனம், ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஏடுகள் எதிர்மின் தன்மை உடையவை. அவற்றின் இடையிடையே கால்சியம், மக்னீசியம் முதலியவற்றின் நேர்மின் அயனிகள் நிற்கின்றன. நீர் வந்ததும் அதன் எதிர்மின் பக்கம் இந்த அயனிகளைச் சூழ்ந்துகொள்கிறது, ஏடுகள் விலகுகின்றன, மண் உப்புகிறது. காய்ந்தால் ஏடுகள் நெருங்கி, நிலம் பாளம் பாளமாக வெடிக்கிறது. மேல்மண் வெடிப்புக்குள் உதிர்ந்து விழுவதால், கரிசலைத் தன்னைத் தானே உழுதுகொள்ளும் மண் என்பார்கள்.

தூய மான்ட்மோரில்லோனைட் ஒரு கிராம் எடுத்து, ஏடுகளையெல்லாம் பிரித்தால், அவற்றின் இரு பக்கப் பரப்பும் சேர்ந்து சுமார் 700 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 17 சென்ட் நிலத்தின் அளவு வரும். அத்தனை பரப்பிலும் நீர் ஒட்டிக்கொள்கிறது. கரிசல், பெய்த மழையைப் பல வாரம் காத்து வைப்பது இதனாலேயே. ஆனால் காப்பவனே கருமியும் ஆகிறான். முதலில் வேருக்குக் கிடைப்பது ஏட்டிற்குத் தொலைவில் நிற்கும் நீர். அது தீர்ந்த பின் எஞ்சுவது, ஏட்டை ஒட்டிய மெல்லிய படலம். அதைப் பிரித்தெடுக்கக் காற்றழுத்தத்தைப் போல் 15 மடங்கு வலிமையுடன் இழுக்க வேண்டும். பெரும்பாலான பயிர்கள் அந்த எல்லையில் வாடிவிடுகின்றன. களி மிகுந்த கரிசலில், பயிர் வாடிய அவ்வேளையிலும் 100 கிராம் உலர்மண்ணுக்கு 15 முதல் 20 கிராம் நீர் எஞ்சியிருக்கலாம். மணலில் இரண்டு மூன்று கிராம்தான் எஞ்சும். கையில் பட்ட ஈரம் எது என்பது இப்போது விளங்கும்.

அந்நிலத்தில் விளையும் கம்பையும் பருத்தியையும் பார்ப்போம். கம்பில் உள்ள மாவுப்பொருளும் பருத்தி இழையில் உள்ள செல்லுலோசும் குளுக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரையைக் கோத்த மாலைகளே. கோத்த விதம்தான் வேறு. மாவுப்பொருளின் மாலை சுருள் சுருளாக வளைகிறது. நீரும் நம் உமிழ்நீரும் அதனுள் புகுந்துவிடும். செல்லுலோசில் ஒன்றுவிட்டு ஒரு மணி தலைகீழாகத் திரும்பியிருப்பதால் மாலை நேராக நீள்கிறது. நேரான மாலைகள் அருகருகே படுத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. அதனால்தான் கம்மங்கூழ் செரிக்கிறது. வேட்டி எத்தனை முறை துவைத்தாலும் கரைவதில்லை. ஆயினும் பருத்தி நீரை அடியோடு விலக்குவதில்லை. வாணிபத்தில் உலர்ந்த பஞ்சின் எடைக்கு 8.5 சதவீதம் ஈரத்தை இயல்பானதென்று ஒப்புக்கொள்கிறார்கள். அதற்கு மேல் ஈரமிருந்தால், வாங்குபவர் பஞ்சின் விலைக்கு நீரை வாங்குகிறார் என்று பொருள்.

புரதங்களின் உருவத்தைக் காப்பதிலும் இதே பிடிப்புக்குப் பங்கு உண்டு. இதில் நம் சென்னைக்குப் பெருமை சேர்த்தவர் ஜி. என். ராமச்சந்திரன். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றின் ஆதாரமான கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று, சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் காட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்தது கங்காருவின் வால் தசைநாண். அதைத் தந்துதவியது சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். இழைகளைப் பிணைத்து நிறுத்துபவற்றுள் ஹைட்ரஜன் பிணைப்பு முதன்மையானது. கொலாஜன் போன்ற ஒரு சிறு மூலக்கூறின் படிகத்தை 1994-இல் எக்ஸ்-கதிரால் ஆராய்ந்தபோது, அக்கயிற்றைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒழுங்காகப் போர்வை போர்த்தியிருந்தமை தெரிந்தது. உயிர்ப்பொருளின் வடிவத்தைப் பேசும்போது நீரை விட்டுப் பேச இயலாது.

இவை யாவும் ஒன்றுகூடும் இடம் விதை. உலர்ந்த விதையில் ஈரம் 8 முதல் 10 சதவீதம் அளவே. அந்நிலையில் அதன் புரதங்கள் ஏறக்குறைய உறங்குகின்றன. ஆண்டுக்கணக்கில் கூடக் கிடக்கும். நீர் பட்டவுடன் மாவும் புரதமும் அதை உறிஞ்சி விதை பருக்கிறது. நொதிகள் விழித்து, மாவைச் சர்க்கரையாக உடைக்கின்றன. முளை வேர் வெளிப்படுகிறது. வேர் வெளிவந்த பின் விதை பழைய உறக்கத்திற்குத் திரும்ப இயலாது. மறுபடி காய்ந்தால் அது சாவுதான். மானாவாரி உழவர் அஞ்சுவது மழையில்லா நாளை மட்டுமன்று. விதையை எழுப்பிவிட்டுப் போய்விடும் ஒரு தூறலையும் அஞ்சுகிறார். விதை போனால் அவ்வாண்டின் முதலில் ஒரு பகுதி போயிற்று. மறுவிதைப்புக்குக் கடன் வாங்க வேண்டும்.

கோவிற்பட்டியில் 1901-இல் தொடங்கப்பெற்ற வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மானாவாரிச் சிக்கல்களை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறது. பருவமழைக்கு முன்பே உலர்ந்த மண்ணில் விதைக்கும் முறையில் இரண்டு உபாயங்கள் உண்டு. விதையைப் பொட்டாசியம் உப்பின் நீர்த்த கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்து, முளை கிளம்பும் முன் நிழலில் உலர்த்திவிடுவது ஒன்று. விழிப்பின் முதற்படிகள் அப்போதே முடிந்துவிடுவதால், பின்னர் மழை வரும்போது அவ்விதை விரைந்து முளைக்கும். சோளம் போன்றவற்றைச் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுவது மற்றொன்று. சிறு தூறல் பெய்தால் மேலுள்ள களியே அதைக் குடித்துவிடும்; விதைக்கு ஒரு துளியும் எட்டாது. 20 மில்லிமீட்டர் அளவில் நன்றாகப் பெய்தால்தான் ஈரம் அத்தனை ஆழம் இறங்கும். பயிர் வாடும்போது நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும் அதே களி, விதைக்கும் வேளையில், பெய்தது தூறலா மழையா என்று அளந்து பார்த்துக் கதவைத் திறக்கிறது.