கொல்லைப்புறத்தில் ஒரு ஜாதிக்காய் மரம்



வீட்டுக் கொல்லையில் பீச் மரம் வளர்க்கலாமா என்று சிலர் நம்மை வினவினர். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அம்மரம் காய்ப்பது உண்மையே. ஆனால், அதன் மொட்டுகள் விழித்தெழுவதற்குப் பல நூறு மணி நேரக் குளிர் வேண்டும். வெப்பம் 7 பாகை அளவிற்கு இறங்க வேண்டும். ஜார்ஜ் டவுனிலோ நள்ளிரவிலும் அது 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. எனவே, இங்கு அம்மரத்திடம் கனியை எதிர்பார்ப்பதற்கில்லை.

பீச்சைப் போன்றே உருண்டு மஞ்சளிக்கும் கனியொன்று பினாங்கில் உண்டு. அதுவே ஜாதிக்காய். 1786-இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கிய பின்னர், அந்நூற்றாண்டு முடிவதற்குள் கிழக்கிந்தியக் கம்பெனியார் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து இக்கன்றுகளைத் தருவித்தனர். 1860-ஐ ஒட்டி நோய் தாக்கித் தோப்புகள் பாழாயின. ஆயினும் பாலிக் புலாவ் பகுதியில் இம்மரம் இன்றும் நிற்கின்றது. கொட்டையும், அதைச் சுற்றிய சிவந்த ஜாதிபத்திரியும் மருந்துக்கும் சமையலுக்கும் ஆகும். சதைப் பற்றைச் சர்க்கரையில் ஊறவைத்தும், சாறாக்கியும் கடைகளில் விற்கின்றனர்.

இம்மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. இதனை அறியாது நாம் ஒரு கொட்டையை ஊன்றினோம். வேலி கட்டினோம், இளங்கன்றுக்கு நிழல் அமைத்தோம், நீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டினோம். எட்டாம் ஆண்டில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. வீட்டார் மகிழ்ந்தனர். பூக்கள் அனைத்தும் உதிர்ந்தன. ஒரு காய்கூட இல்லை. அது ஆண் மரம்!

கொட்டையிலிருந்து முளைப்பவற்றில் ஏறத்தாழப் பாதி ஆணாகவே இருக்கும். பூக்கும் வரை கண்டறிவது கடினம். தோட்டத்து வீட்டில் குடியிருப்போர்க்கு எட்டாண்டு சிறிய காலமன்று. வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டியவர்கள் அல்லவா நீங்கள்? ஆதலின், பெண் மரக் கிளையை ஒட்டிய கன்றையே வாங்குங்கள். பால்மரத்தில் நல்லினத்து மொட்டை ஒட்டி நடுவதை நீங்கள் அறிவீர்கள், இதுவும் அத்தகையதே. ஒட்டுக்கன்று நான்கைந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். பத்துப் பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் போதும். எனவே, அண்டை வீட்டாருடன் கலந்து பேசி, நிர்வாகத்தின் அனுமதியும் பெற்று, மரத்திற்கு மரம் 25 அடி இடைவெளி விட்டு நடுங்கள். கன்றுகளைப் பற்றி விவசாய இலாகா அலுவலரிடம் கேட்டறியலாம்.

நம் ஆண் மரத்தை நாம் வெட்டவில்லை. பக்கத்து வீட்டார் இரு பெண் கன்றுகளை நட்டுள்ளனர்.