மாத்திரை வந்தது, சன்னல் எங்கே?



காசநோய்க்கு மாத்திரை இலவசம். சளிப் பரிசோதனை இலவசம். சத்தான சாப்பாட்டுக்கென்று 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய உதவி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். நல்ல காரியம், யார் மறுப்பார்? ஆனால் படுக்கிற அறைக்குச் சன்னல் எத்தனை என்று உங்களை யாராவது கேட்டதுண்டா?

இந்தக் கிருமி சாப்பிட்ட தட்டிலோ கொடுத்த கையிலோ ஒட்டுவதில்லை. நுரையீரல் காசம் உள்ளவர் இருமும்போது நுண்துளிகளில் ஏறிக் காற்றில் மிதக்கிறது. வெட்டவெளியில் கலைந்துபோகும், வெயில் பட்டால் சாகும். குளிருக்கு அஞ்சிக் கதவடைத்த ஒற்றை அறையில் ஐந்தாறு பேர் படுத்தால், ஒருவர் விட்ட மூச்சைத்தான் விடிய விடிய மற்றவர் இழுக்கிறார். அடுப்பும் அங்கேயே என்றால் புகை வேறு.

"வீடு எப்படி இருந்தால் என்ன, சென்னையிலேயே நிரூபித்தாயிற்றே" என்பார்கள் விவரம் தெரிந்த சிலர். எதை நிரூபித்தார்கள்? 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் 193 ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் மருந்தோடு ஓய்வும் நல்ல உணவும். மறு பிரிவுக்கு நெரிசலான சொந்த வீட்டிலேயே மருந்து. 1959இல் வெளிவந்த முடிவு உலகையே திருப்பிப் போட்டது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், அவர்களுடைய குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவுமில்லை. ஆகவே நோயாளியைத் திண்ணைக்குத் துரத்தாதீர்கள். அது அறியாமை, கொடுமையும்கூட.

ஆனால் அந்த ஆய்வு சொன்னது மருந்து தொடங்கிய பிறகான கதையை. ஒழுங்காக மருந்து எடுத்தால் தொற்றும் வேகம் சீக்கிரம் தணிந்துவிடும். அதற்கு முன்னால் "சாதாரண இருமல்தானே" என்று வாரக்கணக்கில் ஓடும் இரவுகள் இருக்கின்றனவே, குடும்பத்துக்குப் பெரும்பாலும் கிருமி தொற்றுவது அப்போதுதான். அந்த இரவுகளுக்கு மாத்திரை இல்லை. காற்று மட்டுமே காவல்.

சரி, கூரையைப் பிரித்துக் காங்கிரீட் போட்டால் தீர்ந்ததா? மும்பை கோவண்டியைப் பாருங்கள். குடிசைவாசிகளை லல்லுபாய் காம்பவுண்டு, நட்வர் பாரேக் காம்பவுண்டு என்ற மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடைவெளி சுமார் 3 மீட்டர். கீழ்த்தளங்களில் பகலிலும் விளக்கு வேண்டும். அருகிலேயே இடம்விட்டுக் கட்டிய பி.எம்.ஜி.பி. காலனியோடு ஒப்பிட்டால், அந்த நெருக்கமான மாடிக் குடியிருப்புகளில் காசம் பல மடங்கு என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் நடந்த 2007ஆம் ஆண்டு ஆய்வோ, உயர்ந்த கூரையும் பெரிய சன்னலும் கொண்ட பழைய வார்டுகளில் கதவு சன்னலைத் திறந்தாலே இயந்திரக் காற்றோட்ட அறைகளைவிடக் காற்று வேகமாக மாறுகிறது என்றது. அதற்கு மின்கட்டணமும் கிடையாது!

வயிறு காய்ந்தவனுக்கு நோய் முந்தி வரும் என்பதும் உண்மை. ஜார்க்கண்டில் நோயாளி வீட்டாருக்கு உணவுப் பொருள் கொடுத்ததில் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. 2023இல் வெளியான செய்தி. சோறு கொடுங்கள். அதைக் காட்டிச் சன்னலை அடைக்காதீர்கள்.

இனி நம் ஊர் வீடுகளுக்கு வருவோம். தமிழக அரசின் வீடு கட்டும் திட்டமான கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி, 3.5 லட்சம் ரூபாய். பணம் கட்டம் கட்டமாகத்தான் வருகிறது. லிண்டல் மட்டத்துக்குப் பில் போட வரும் பொறியாளர், படுக்கும் அறையில் எதிரெதிராக இரண்டு திறப்பு இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடட்டும். இல்லையென்றால் சுவரை உடைக்கிற செலவு ஒப்பந்தக்காரருடையதாகட்டும். கல்வராயன் மலைக் கிராமங்கள் வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போடட்டும். வடக்கனந்தல் பேரூராட்சியில் அவரவர் வார்டு உறுப்பினரிடம் எழுதிக் கொடுங்கள், ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.